வெள்ளரி சுமந்த பழி

கிருமியைத் தேடி: வரலாற்றுத் தொடர், பகுதி 17

2011 மே 19, வியாழக்கிழமை. நாட்டின் தொற்றுநோய்களைக் கண்காணிக்கும், பெர்லினில் உள்ள ராபர்ட் காக் நிறுவனத்துக்கு ஹாம்பர்க்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. அந்நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரே நாளில் மூன்று குழந்தைகளைச் சேர்த்திருக்கிறார்கள். மூவருக்கும் ரத்த அணுக்கள் சிதைந்து, சிறுநீரகம் படுத்துவிட்டது. உதவிக்கு ஆள் வேண்டும். ஹெச்.யூ.எஸ். என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் இந்த நிலை அரிதானது. ஜெர்மனி முழுவதிலும் ஓராண்டில் பதிவாகும் நோயாளிகள் நூறைத் தொடுவதில்லை. அப்படியிருக்க ஒரே ஊரில், ஒரே நாளில் மூன்று பேர்.

மறுநாளே தொற்றியல் குழு ஹாம்பர்க்கில் இறங்கியது. அங்கே பார்த்த காட்சி குழுவினர் அதுவரை படித்திருந்த எதற்கும் ஒத்துவரவில்லை. ஹெச்.யூ.எஸ். வழக்கமாக ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத்தான் தாக்கும். இங்கே படுக்கையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள், அதிலும் பெண்கள். நல்ல உடல்நலத்தோடு வேலைக்குப் போய்வந்தவர்கள் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோடு வந்தார்கள். சில நாட்களில் டயாலிசிஸ் தேவைப்பட்டது. சிலருக்குப் பேச்சு குழறியது, வலிப்பு வந்தது. ஹாம்பர்க், கீல், லூபெக் என்று வட ஜெர்மனியின் பெரிய மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் ஒவ்வொன்றாக நிரம்பின.

சென்ற பகுதியில் 1993ஐ ஒட்டி அமெரிக்காவின் வாஷிங்டன் உள்ளிட்ட மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத மாட்டிறைச்சி நான்கு குழந்தைகளின் உயிரைப் பறித்த கதையைப் பார்த்தோம். அதற்கும், பெரும்பாலும் ஹெச்.யூ.எஸ்.ஸுக்கும் காரணமான ஈ.கோலை ஓ157 என்ற கிருமி 1982இல் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. அதன்பின் உலகத்து ஆய்வகங்கள் அதைப் பிடிக்க எளிய வழியொன்றை வைத்திருந்தன. நம் குடலில் வாழும் சாது ஈ.கோலை வகைகளில் பெரும்பாலானவை சார்பிட்டால் என்ற சர்க்கரையைச் செரிக்கும்; ஓ157 செரிக்காது. ஆகவே சார்பிட்டாலும் நிறமாறும் சாயமும் கலந்த வளர்ப்புத் தட்டில் மலமாதிரியைத் தேய்த்து ஓர் இரவு சூட்டில் வைத்தால் போதும். மறுநாள் காலை இளஞ்சிவப்பு நிறத்தில் இருப்பவை சாதுக்கள், நிறமற்று நிற்பது ஓ157. விலை குறைவு, கண்ணாலேயே தெரிந்துவிடும். பல ஆண்டுகளாக உலகத்தின் எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் இந்த நிற வேறுபாட்டை நம்பித்தான் வேலை செய்தன.

ஹாம்பர்க்கின் கிருமி சார்பிட்டாலைச் செரித்தது. தட்டில் அது சாதுக்களோடு சாதுவாக இளஞ்சிவப்பில் நின்றது.

உணவு நஞ்சு விசாரணையில் விரைவு என்று எதைச் சொல்கிறோம் என்ற கேள்விக்கு 2011ஐப் போல வேறெந்த ஆண்டும் விடை தரவில்லை என்பதால்தான் இந்தப் பகுதியை ஜெர்மனிக்கு முழுதாக ஒதுக்கியிருக்கிறேன். அந்தத் தட்டை மட்டும் பார்த்த ஆய்வகம் 24 மணி நேரத்தில் விடை சொல்லியிருக்கும். சொன்ன விடை தவறாக இருந்திருக்கும். நிறத்தைப் பார்க்காமல் நஞ்சைத் தேடிய ஆய்வகங்களுக்குத்தான் விஷயம் புலப்பட்டது. இந்தக் கிருமிகள் சுரக்கும் நஞ்சுக்கு ஷிகா நச்சு என்று பெயர். 1897இல் ஜப்பானில் பரவிய சீதபேதியில் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்த கியோஷி ஷிகாவின் நினைவாக வந்த பெயர் அது. நஞ்சின் புரதத்தையோ அதற்கான மரபணுவையோ மலமாதிரியில் நேரடியாகத் தேடினால், கிருமி எந்த வேடத்தில் இருந்தாலும் சிக்கிவிடும்.

மாதிரிகள் மூன்ஸ்டர் நகரப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. அங்கே ஹெல்கே கார்ஹ் என்ற நுண்ணுயிரியலாளர் பல ஆண்டுகளாக ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்துவந்தார். ஜெர்மனியில் யாருக்கு ஹெச்.யூ.எஸ். வந்தாலும், அவரிடமிருந்து பிரித்தெடுத்த கிருமியை வாங்கி உறைநிலையில் வைத்துக்கொள்வது, ஒவ்வொன்றின் மரபணு அடையாளத்தையும் பதிவது. அதில் தேர்ந்தெடுத்த 42 வகைகளைக் கொண்ட ஒரு தொகுப்பை அறிவியல் உலகுக்கு அவர் முன்பே அளித்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத, பெருமை எதுவும் சேர்க்காத வேலை. நெருக்கடியில் அதுதான் கைகொடுத்தது. மே 23 அன்று முதல் மாதிரிகள் வந்து சேர்ந்தன. இரண்டு மூன்று நாட்களுக்குள் மூன்ஸ்டர் பெயரைச் சொல்லிவிட்டது: ஈ.கோலை ஓ104:ஹெச்4. அதன் நெருங்கிய உறவினன் ஒருவன் 2001ஆம் ஆண்டிலேயே கார்ஹின் உறைபெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருந்தான். அந்தப் பழைய மாதிரி இல்லாதிருந்தால் பெயர் தெரிய இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ!

பெயர் தெரிந்ததும் அடுத்த வேலை, அதை எல்லோரும் விரைவாக அடையாளம் காண வழி செய்வது. இங்கேதான் பி.சி.ஆர். வருகிறது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிக்குச் செய்த அதே சோதனைதான். டி.என்.ஏ.வின் இரட்டை இழையைச் சூடாக்கிப் பிரிக்கிறார்கள். நாம் தேடும் மரபணு அங்கே இருந்தால் மட்டுமே ஒட்டக்கூடிய சிறு துண்டுகளை உள்ளே விடுகிறார்கள். ஒட்டிய இடத்திலிருந்து நொதி நகல் எடுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நகல் இரட்டிக்கும். முப்பது சுற்று முடியும்போது ஒற்றை மரபணு நூறு கோடியைத் தாண்டி நிற்கும். ஒட்டவில்லை என்றால் எதுவும் பெருகாது. மொத்தமும் சில மணி நேர வேலை.

ஆனால் எந்த மரபணுவைத் தேடுவது? அதில்தான் மூன்ஸ்டர் குழுவின் சாமர்த்தியம் இருக்கிறது. ஷிகா நச்சின் மரபணுவை மட்டும் தேடினால் அதைச் சுமக்கும் எத்தனையோ ஈ.கோலை வகைகள் மாட்டும். ஓ104 என்ற மேலுறைக்கான மரபணுவை மட்டும் தேடினால் தீங்கில்லாதவையும் மாட்டும். எனவே நான்கைச் சேர்த்துத் தேடினார்கள்: இரண்டாம் வகை ஷிகா நச்சு, ஓ104 மேலுறை, ஹெச்4 கசையிழை, டெல்லூரைட் என்ற வேதிப்பொருளைத் தாங்கும் திறன். நான்கும் ஒரே கிருமியில் இருந்தால் அதுவே குற்றவாளி. இந்தச் செய்முறையைக் காப்புரிமை, கட்டணம் என்று எந்தப் பூட்டும் போடாமல் மே மாத இறுதிக்குள் இணையத்தில் வெளியிட்டார்கள். எந்த நாட்டு ஆய்வகமும் அதை எடுத்து அன்றே பயன்படுத்தலாம்.

பி.சி.ஆர். வசதி இல்லாத சிறு ஆய்வகங்களுக்கும் ஒரு வழி கிடைத்தது. இந்தக் கிருமி பென்சிலின், செஃபலோஸ்போரின் குடும்பத்தைச் சேர்ந்த பல மருந்துகளை உடைத்தெறியும் திறன் பெற்றது. நோயாளிக்கு அது கெட்ட செய்தி. ஆய்வகத்துக்கோ, அந்த மருந்துகள் கலந்த வளர்ப்புத் தட்டு ஒன்று போதும். மற்ற குடல் கிருமிகளில் பெரும்பாலானவை மடிய, இது மட்டும் வளர்ந்து நிற்கும். பல்லாண்டு நம்பிய தட்டு கைவிட்ட இடத்தில் மருத்துவமனைகள் வேறொரு தேவைக்காக வாங்கி வைத்திருந்த தட்டு உதவியது.

அதே நாட்களில் ஹாம்பர்க் மருத்துவமனையிலிருந்து 16 வயதுப் பெண் ஒருத்தியின் கிருமி டி.என்.ஏ. சீனாவின் ஷென்ஜென் நகருக்குப் பறந்தது. அங்கிருந்த பி.ஜி.ஐ. மரபணு மையம் மூன்றே நாளில் அதன் வரிசையைப் படித்து, ஜூன் 2 அன்று யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவெளியில் போட்டது. ஒரு நாள் முடிவதற்குள் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக் லோமன் துண்டுகளை ஒன்றுசேர்த்துக் காட்டினார். ஒரே வாரத்தில் பல கண்டங்களின் ஆய்வாளர்கள், ஒருவரையொருவர் பார்த்தறியாதவர்கள், இருபதுக்கு மேற்பட்ட ஆய்வுக் குறிப்புகளைப் பகிர்ந்துகொண்டார்கள். மூன்ஸ்டர் குழுவும் தன் பங்குக்கு இன்னொரு நோயாளியின் கிருமியைச் சில நாட்களில் படித்து முடித்தது. ஒரு பாக்டீரியாத் தொற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முழு மரபணுவும் ஊரறியப் படிக்கப்பட்டது புதுமை. ஆய்வு முடிவை இதழில் அச்சாகும்வரை பெட்டிக்குள் பூட்டி வைக்கும் பழக்கத்தை அந்த வாரம் உடைத்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஒன்பது ஆண்டுகள் கழித்து 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் மரபணு வரிசை பொதுவெளியில் வந்தபோதும் உலகம் அதே பாதையில்தான் நடந்தது.

படித்ததில் தெரிந்தது என்ன? இது ஓ157 வம்சமே இல்லை. குடல் சுவரில் அடுக்கிய செங்கல் போல ஒட்டிக்கொள்ளும் வேறொரு ஈ.கோலை இனம். 1990களின் இறுதியில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் வயிற்றுப்போக்கு நோயாளியிடம் கிடைத்த ஒரு கிருமிக்கு இது மிக நெருக்கம். அந்த ஒட்டும் இனத்துக்குள் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்று புகுந்து, ஷிகா நச்சின் மரபணுவை விட்டுச் சென்றிருக்கிறது. இறுக ஒட்டிக்கொண்டு, ஒட்டிய இடத்திலேயே நஞ்சைச் சுரக்கும் கூட்டு. இத்தனை பேருக்குச் சிறுநீரகம் பழுதானதற்கு அதுவே காரணம் என்று பலர் கருதுகிறார்கள்.

இத்தனையும் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிட்டது. தெரியாதது ஒன்றே ஒன்று: அது எந்தச் சாப்பாட்டில் வந்தது? நோயாளிகள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தார்கள்.

ஹாம்பர்க் நோயாளிகளையும் நலமாக இருந்தவர்களையும் ஒப்பிட்டுக் கேட்டதில், நோயாளிகள் தக்காளி, வெள்ளரி, சாலட் இலைகளைப் பச்சையாக அதிகம் தின்றிருந்தார்கள். மே 25 அன்று, வட ஜெர்மனியில் இவற்றைப் பச்சையாகத் தின்ன வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். உயிர் போய்க்கொண்டிருக்கும்போது அந்த எச்சரிக்கை சரியே. மறுநாள் நடந்ததுதான் இன்றும் உறுத்துகிறது. ஹாம்பர்க்கின் சுகாதார ஆய்வகம் சந்தையில் எடுத்த வெள்ளரிக்காய்களில் நான்கில் ஷிகா நச்சு ஈ.கோலை இருந்தது, அவற்றில் மூன்று ஸ்பெயினிலிருந்து வந்தவை. அன்றே அது நாட்டின் பெயரோடு அறிவிக்கப்பட்டது.

சோதனை பொய் சொல்லவில்லை. ஷிகா நச்சு ஈ.கோலை அங்கே இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்று அது சொன்னது. நோயாளிகளின் உடம்பில் இருக்கும் அதே கிருமிதானா என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு விடை வர மே 31 ஆனது. விடை: இல்லை. வெள்ளரியில் இருந்தது வேறு வகை. மாட்டுச் சாணம், பாசன நீர் வழியாகக் காய்கறியில் இப்படி ஏதோ ஒரு வகை அவ்வப்போது ஒட்டிக்கொண்டு வருவது புதிதல்ல, தேடினால் கிடைக்கும்.

அந்த ஐந்து நாளில் ஸ்பெயினின் அந்தலூசியாப் பகுதியின் அறுவடை குப்பைக்குப் போனது. ஏற்றி அனுப்பிய லாரிகள் திரும்பி வந்தன. வெள்ளரியோடு தக்காளி, மிளகாய் என்று ஸ்பெயினின் எந்தக் காயையும் வாங்க ஆளில்லை. வாரத்துக்கு 20 கோடி யூரோ நட்டம் என்று ஏற்றுமதியாளர்கள் கணக்குச் சொன்னார்கள். ஜூன் 2 அன்று ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியத்தின் காய்கறிகள் மொத்தத்தையும் தடைசெய்தது. ஃபிரான்சிஸ்கோ சோசா வாக்னர் என்ற ஸ்பெயின் உறுப்பினர் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் கையில் ஒரு வெள்ளரிக்காயை உயர்த்திப் பிடித்து, இதன் மானத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்ற பொருளில் பேசினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதற்கு அச்சாகப் பொருந்தும். உழவர்களுக்கு இழப்பீடாக ஒன்றியம் ஒதுக்கிய தொகை 21 கோடி யூரோ. கூலி இழந்து நின்ற அறுவடைத் தொழிலாளர்களின் கணக்கு அதில் எவ்வளவு வந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் ஆறுவதில்லை.

உண்மையான உணவைக் கண்டுபிடித்தது ஆய்வகக் கருவி அல்ல. பில்லும் சமையல்கட்டும் புகைப்படமும். நோயாளிகளின் ஞாபகத்தை நம்பி முன்னேற முடியவில்லை. முளைப்பயறு தின்றீர்களா என்று கேட்டால், ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் ஆமாம் என்றார். தட்டின் ஓரத்தில் அலங்காரமாகத் தூவிய ஒரு சிட்டிகையை, ஒரு வாரம் கழித்து, அதுவும் உயிருக்குப் போராடும் நேரத்தில் யார் நினைவில் வைத்திருப்பார்? ஆகவே ராபர்ட் காக் நிறுவனத்தார் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். பலர் குழுவாக வந்து உண்டு நோயுற்ற ஓர் உணவகத்தை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து குழுக்கள், 112 பேர், அவர்களில் 19 பேருக்கு நோய். யார் என்ன வரவழைத்தார்கள் என்பதைப் பில்லிலும், மேசையில் எடுத்த குழுப்படங்களிலும் பார்த்தார்கள். பிறகு சமையற்காரரிடம் போய், அந்த உணவில் என்னென்ன போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். முளைப்பயறு போட்ட தட்டை உண்டவர்கள் மற்றவர்களைவிட 8.6 மடங்கு அதிகமாக நோயுற்றிருந்தார்கள். தக்காளியும் வெள்ளரியும் அன்றே விடுதலையாகின.

அதே சமயம் இன்னொரு குழு சரக்கு ரசீதுகளைப் பின்தொடர்ந்து போனது. ஜெர்மனியில் நோய் கொத்தாகத் தோன்றிய 41 இடங்களுக்கும் போன முளைப்பயறு ஒரே பண்ணையிலிருந்து வந்திருந்தது. அது லோயர் சாக்ஸனி மாநிலத்தில், பீனன்பூட்டல் என்ற சிற்றூரில் இருந்தது. ஜூன் 5 அன்று அம்மாநில வேளாண் அமைச்சர் சந்தேகத்தை வெளியிட்டார். ஜூன் 10 அன்று மூன்று நடுவண் நிறுவனங்கள் சேர்ந்து உறுதிசெய்தன.

ஆனால் அந்தப் பண்ணையில் எடுத்த நூற்றுக்கணக்கான மாதிரிகளில் எதிலுமே கிருமி சிக்கவில்லை. பத்திரிகைகள் கேலி பேசின. விஷயம் தெரிந்தவர்களுக்கு இது வியப்பில்லை. நோய் வெளிப்படவே சராசரியாக எட்டு நாள் ஆகிறது. அதற்குள் அந்த முளைப்பயறு தின்று தீர்ந்திருக்கும், அல்லது குப்பையில் போயிருக்கும். விதை மூட்டையில் கிருமி பரவலாக இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான விதைகளில் ஓரிரண்டில் ஒளிந்திருக்கலாம். ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்த முளைக்கலனில் சில நாட்களில் அந்த ஓரிரண்டு கோடிகளாகப் பெருகும். பி.சி.ஆர். எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், நாம் அள்ளிய கைப்பிடியில் கிருமி இல்லையென்றால் அதற்குத் தெரிய வழியில்லை. ரைன்-சீக் மாவட்டத்தில் இருவர் நோயுற்ற ஒரு வீட்டின் குப்பைத் தொட்டியில் கிடந்த முளைப்பயறுப் பொட்டலத்தில் ஓ104 கிடைத்தது. பொட்டலம் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்ததால், அந்த வீட்டாரின் கையிலிருந்து ஒட்டியதா என்ற ஐயம் தீரவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது பிரான்சில். ஜூனில் போர்தோ அருகே பேகிள் ஊரில் ஒரு நிகழ்ச்சியில் முளைப்பயறு உண்ட சிலருக்கு அதே ஓ104 நோய் வந்தது. பீனன்பூட்டல் பண்ணைக்கும் அவர்களுக்கும் தொடர்பே இல்லை. நிகழ்ச்சியை நடத்தியவர்கள் விதை வாங்கித் தாங்களே முளைக்க வைத்திருந்தார்கள். இரண்டு இடத்துக்கும் பொதுவான விதை எது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தேடியது. ஜூலை 5 அன்று விடை வெளிவந்தது: வெந்தயம். 2009இல் எகிப்திலிருந்து கப்பலேறிய 15,000 கிலோ கொண்ட ஒரு தொகுதி. எகிப்து மறுத்தது. விதையில் கிருமி நேரடியாகக் கிடைக்கவும் இல்லை. ஆனால் ரசீதுகள் காட்டிய வழி ஒன்றுதான். எகிப்திய விதைகளை ஒன்றியம் அந்த அக்டோபர் முடியத் தடைசெய்தது.

சர்க்கரைக்கு நல்லது என்று முளைகட்டிய வெந்தயத்தைப் பச்சையாக மெல்லுகிறவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. குறிப்பாகக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் ஆவியில் நன்றாக வேகவைத்த பிறகே முளைப்பயறு உண்ணுமாறு இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறேன். விதைக்குள் இருப்பதை நீரில் அலசிப் போக்க முடியாது. சூடு அதைக் கொன்றுவிடும்.

ஜூலை 26 அன்று தொற்று முடிந்ததாக ராபர்ட் காக் நிறுவனம் அறிவித்தது. ஜெர்மனியில் மட்டும் 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 800க்கும் மேற்பட்டோருக்கு ஹெச்.யூ.எஸ். வந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

பிறகு வந்த மாற்றங்கள் அந்தக் கோடையின் குறைகளை ஒவ்வொன்றாகத் தொட்டன. மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு வரும் நோய்த் தகவல் மாநிலத்துக்கும் பிறகு பெர்லினுக்கும் வாரக் கணக்கில் ஊர்ந்துகொண்டிருந்தது. 2013இல் சட்டத்தைத் திருத்தி அதை ஓரிரு வேலைநாளாகச் சுருக்கினார்கள். அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் முளைப்பயறுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. விதை எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் பதிய வேண்டும். 25 கிராம் முளைப்பயறில் ஓ157, ஓ26, ஓ111, ஓ103, ஓ145 ஆகியவற்றோடு ஓ104:ஹெச்4 என்ற புதிய பெயரும் இருக்கவே கூடாது. அதைச் சோதிக்கும் முறையாக, நிறம் பார்க்கும் பழைய தட்டுக்குப் பதிலாக, முதலில் நஞ்சின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். வந்தது.

அதே 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவும் ஒரு முடிவெடுத்தது: இனி லிஸ்டீரியா நோயாளிகளிடமும் உணவிலும் கிடைக்கும் ஒவ்வொரு கிருமியின் முழு மரபணுவையும் படித்துவிடுவது. ஷென்ஜெனில் நெருக்கடிக்காகச் செய்தது அன்றாட வேலையாக மாறிய அந்தக் கதை அடுத்த பகுதியில்.